சதுரக் கருவாடு

அலுமாரிக்கு மேலே கிடந்த பிஸ்கற் ரின்னை நேற்றுத் திறந்தேன். மூடி கழன்றதுதான் தாமதம், குசினிக்குள் இருந்து மனைவியின் குரல் வந்தது: "என்னப்பா அது? எலி கிலி செத்துக் கிடக்கோ?"

எலி இல்லை. ஒரு பிளொப்பி, கணினிக் கோப்புகளை ஏற்றிவைக்கும் பழைய தட்டு. நீல நிறம் வெளுத்து, தகடு துருப்பிடித்து, இத்தனை வருடத்துக்குப் பிறகும் பாரைக் கருவாட்டின் மணத்தை விடாமல் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. பழைய கணினிச் சாமான்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டும் இடங்கள் வெளிநாடுகளில் உண்டாம். இதைக் கொண்டுபோய் வைத்தால் பூனைகள்தான் வரிசையில் நிற்கும்.

ஐசே, இது உமக்கு வரவேண்டிய பிளொப்பி. பாதை பூட்டின கிழமை திரும்பி என்னிடமே வந்து சேர்ந்தது.

ரின்னைத் தேடி எடுக்கவைத்தது ஒரு மின்னஞ்சல். நாம் இரண்டு பேரும் தமிழாக்கிய அந்த எழுது செயலிக்குப் புதிய பதிப்பு வரப்போகிறது. அது இன்னும் உயிரோடு இருப்பதே எனக்குப் புதினம். தமிழ்க் குழுவை இப்போது நடத்துவது மட்டக்களப்புப் பிள்ளை ஒருத்தி. கெட்டிக்காரி, எங்களைப் போலச் சண்டைக்கு நேரம் செலவழிப்பதில்லை. தொடக்கத்தில் இருந்து உழைத்த எல்லாருடைய பெயரும் இந்த முறை ஒரே பக்கத்தில் வரவேண்டும் என்று தீர்மானித்திருக்கிறார்கள். "பழைய கோப்புகள் முழுவதிலும் உங்கள் பெயர்தான் இருக்கிறது ஐயா. தனியாளாக எப்படிச் செய்தீர்கள்?" என்று எனக்கு எழுதியிருந்தாள்.

'ஐயா' என்றது முதலில் சுட்டது. தனியாள் என்றது பிறகுதான் சுட்டது. அதுதான் கூடுதலாகச் சுட்டது.

சமாதான காலம் என்று நாங்கள் சொல்லிக்கொண்ட அந்தக் கொஞ்ச நாளில், கொழும்பில் இருந்து நாலு பெடியள் ஒரு பெட்டி நிறையச் சீடியோடு மன்னாருக்கு வந்தார்கள். லினக்ஸ் நிறுவும் நாள் என்று மண்டபத்தில் துணி கட்டினார்கள். உங்கள் கணினியைக் கொண்டுவாருங்கள், கட்டற்ற மென்பொருளை இலவசமாகப் போட்டுத் தருகிறோம் என்று அறிவித்தல். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தொலைபேசியும் இணையமும் வைத்துக் கொமினிகேசன் கடை நடத்திய எனக்கு, ஊரிலேயே கணினி தெரிந்தவன் என்ற பொய்ப்பெயர் இருந்தது. அதனால் நானும் தொண்டர் சட்டை போட்டுக்கொண்டு நின்றேன். வந்தவர்களில் பாதிப் பேர் சோத்துப் பாசலுக்கு வந்தவர்கள். பாசலுக்கு ஓடர் கொடுத்தவன் என்ற முறையில் எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். அந்தப் பாதிக்குள் நானும் அடக்கம்.

நீர் அடம்பனில் இருந்து பஸ்ஸில் வந்தீர். கணினியை உரப்பைக்குள் கட்டித் தோளில் சுமந்துகொண்டு வாசலில் நின்ற கழுதையை விலக்கி உள்ளே வந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பையை அவிழ்த்தால் தவிடு கொட்டுகிறது. உங்கள் வீட்டு நெல் ஆலையின் எஞ்சினில்தான் உமது கணினிக்கு மின்சாரம். ஆலை ஓடினால் கணினி ஓடும், ஆலை நின்றால் கணினியும் கண்மூடும். அடம்பனுக்கு அப்போது வேறு கரன்ற் இல்லை, தொலைபேசியும் இல்லை.

"இதை ஆரும் எடுக்கலாம், ஆரும் திறந்து பாக்கலாம், திருத்தலாம், மற்றவைக்கும் குடுக்கலாம்," என்று கொழும்புப் பெடியளிடம் கேட்டதை உம்மிடம் ஒப்புவித்தேன்.

"எங்கட மில் எஞ்சினை ஆரும் வந்து கழட்டிப் பாக்கலாம் எண்டு நான் விட்டால், அப்பா என்னைக் கழட்டிப் போடுவார்," என்றீர். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டு, "சரி ஐசே, சும்மா தாறியள். விளங்கிற மாதிரித் தரமாட்டியளோ? எல்லாம் இங்கிலீசிலை கிடக்கு."

"தமிழ் இருக்கு. அரைவாசிதான் முடிஞ்சிருக்கு."

"மற்ற அரைவாசி?"

"ஆரும் செய்யலாம்."

"அப்ப ஏன் ஒருத்தரும் செய்யேல்லை?"

"நீர் செய்யும்."

"நீர் செய்யும்."

இப்படி மாறி மாறிச் சொன்னதில் இரண்டு பேருமே மாட்டுப்பட்டோம்.

மாட்டுப்பட்ட பிறகுதான் சிக்கல் தெரிந்தது. வேலை செய்ய ஆசை உமக்கு, இணையம் எனக்கு. இடையில் இராணுவத்தின் சோதனைச் சாவடி, அதற்கு அப்பால் ஒருவருக்கும் சொந்தமில்லாத சூனியப் பிரதேசம், அதற்கு அப்பால் மற்றவர்களின் சோதனைச் சாவடி. பிளொப்பியைத் தபாலில் போட்டால் எந்தப் பக்கத்தில் யார் வைத்துக்கொள்வார்கள் என்று தெரியாது. அப்போதுதான் ஓலைத்தொடுவாய் திரேசம்மாக்கா வந்து சேர்ந்தா. கிழமைக்கு ஒருதரம் பனையோலைக் கடகம் நிறையக் கருவாட்டோடு அடம்பன் சந்தைக்குப் போய் வருகிறவ. போகும்போது என் கடையில் இருந்து பிரான்சில் இருக்கும் மகனுக்கு ஒரு கோல் எடுத்து, அழுது, மூக்கைச் சிந்தி, பிறகு பஸ் ஏறுவா.

பிளொப்பியைக் கையில் கொடுத்தபோது திருப்பித் திருப்பிப் பார்த்தா. "என்ன தம்பி இது, சதுரக் கருவாடோ?"

அன்றைக்கு வைத்த பெயர்தான். சாவடியில் ஆமிக்காரன் அதைத் தூக்கிப் பிடித்து, "மே மொகத?" என்று கேட்டானாம், இது என்னவென்று. "கம்பியூட்டர் கருவாடு மாத்தயா," என்றாவாம். அவன் மணந்து பார்த்திருக்கிறான். பாரைக்குள் கிடந்த பொருள் பாரையாகத்தானே மணக்கும்! சிரித்துவிட்டுக் கடகத்துக்குள் எறிந்தானாம். அந்தப் பக்கத்துச் சாவடியில் சிரிப்புக் குறைவு, கேள்வி கூட. "தம்பிமார், இதைச் சுட்டுத் தின்னேலாது, மற்றபடி ஒரு பிழையும் இல்லை," என்று அங்கும் சமாளித்திருக்கிறா.

இப்படியாக, உலகம் முழுவதும் கம்பிவழி ஓடிக்கொண்டிருந்த இணையம் எங்களுக்கு மட்டும் கடகத்தில் போய் வந்தது. நான் இறக்கிய கோப்புகள் கருவாட்டு மணத்தோடு உம்மிடம் போகும். நீர் முடித்தவை தவிட்டோடும் எருமைத் தயிர்ச் சட்டியோடும் என்னிடம் வரும். தவிட்டை ஊதித் தள்ளிவிட்டு நான் அனுப்பிவைப்பேன். அறுவடை முடிந்தால் ஆலை பகல் முழுக்க ஓடும். உமது தமிழும் மூட்டை மூட்டையாக வரும். "உங்கள் பங்களிப்பு வருடத்தில் சில மாதங்களில் மட்டும் ஏன் இப்படிக் கொட்டுகிறது?" என்று கனடாவில் இருந்த குழுத் தலைவர் கேட்டார். போகம் நல்ல விளைச்சல் என்று பதில் எழுதினேன். மனிதர் அதற்குப் பிறகு எனக்கு எழுதும்போது சொற்களை அளந்தே எழுதினார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. மடலாடற் குழுவில் எங்கள் இருவருக்கும் ஒரே கணக்கு, என் பெயரில். நீர் பிளொப்பியில் எழுதி அனுப்பும் பதில்களையும் நான் அதே கணக்கில் இருந்து போடுவேன். காலையில் பணிவாக நன்றி சொன்ன மனிதர் மாலையில் எல்லாரையும் கிழித்துத் தொங்கவிட்டால் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? அதைவிடப் பெரிய பகிடி, உமது கோபம் எப்போதும் ஒரு கிழமை பிந்தித்தான் வரும். ஒரு சொல்லுக்காகச் சென்னைக்காரரும் சிங்கப்பூர்க்காரரும் அடிபட்டு, ஓய்ந்து, ஒருவரை ஒருவர் பாராட்டி முடிந்த நேரத்தில் திரேசம்மாக்கா பஸ்ஸால் இறங்குவா. நான் உமது பதிலை ஏற்றுவேன். திரும்பவும் கொள்ளி பற்றும். அதை ஏற்றாமல் விட்டிருக்கலாம். ஆனால் ஐசே, எனக்கும் பொழுது போக வேண்டாமோ?

பெயர் விசயத்துக்கு வருகிறேன். மொழிபெயர்ப்புக் கோப்பின் தலையில் ஒரு வரி உண்டு: கடைசியாக மொழிபெயர்த்தவர். யார் கடைசியாகச் சேமிக்கிறாரோ அவருடைய பெயரைக் கருவி தானாகவே அங்கே எழுதிவிடும். நீர் முழுக் கோப்பையும் செய்து அனுப்புவீர். நான் தவிட்டை ஊதி, ஒரு காற்புள்ளியைத் திருத்தி, சேமித்து அனுப்புவேன். உடனே முழுவதும் என் பெயருக்கு வந்துவிடும். ஊர் உழுத வயலில் வரம்பில் நின்று படம் எடுத்தவனைப் போல எனக்கே கூச்சமாக இருந்தது. நீர் ஒருமுறை மன்னாருக்கு வந்தபோது கேட்டேன், உமது பெயரைப் போட்டுவிடுகிறேனே என்று.

"விசரே உமக்கு?" என்றீர். "என்ர பேரும் அடம்பனும் சேந்து இன்ரர்நெற்றிலை கிடந்தா ரெண்டு பக்கமும் கூப்பிட்டு விசாரிப்பினம். உம்மட பேர் கிடக்கட்டும். சண்டை முழுசா ஓயட்டும், எல்லாத்தையும் ஒரேயடியாத் திருத்துவம்."

நியாயமான பேச்சு. நான் தலையாட்டினேன். எத்தனை பேர் எத்தனை காரியத்தை அந்த ஒரு வசனத்தின் கீழ் அடுக்கி வைத்தோம்! வீடு கட்டுவது, பிள்ளையைக் கட்டிக்கொடுப்பது, கிணறு வெட்டுவது. எங்களுடையது ஒரு வரி. வீடு கிணற்றுக்கு முன்னால் ஒரு வரி என்ன பெரிய காரியம் என்று இருந்துவிட்டோம்.

கடைசிச் சண்டை உமக்கும் எனக்கும்தான். செயலியை மூடுகிற பொத்தானுக்கு நீர் 'வெளிக்கிடு' என்று போட்டீர், புறப்படு என்பதற்கு எங்கள் ஊர்ப் பேச்சு. குழுவில் எல்லாரும் 'வெளியேறு' என்றார்கள். நானும் அந்தப் பக்கம் நின்றேன். வெளிக்கிடு என்றால் சென்னைக்காரருக்கு விளங்காது, இவ்வளவுதான் என் வாதம். உமது பதில் வந்தது: "வெளியேறு எண்டு மனிசரைத் துரத்துறதுதான் இந்த நாட்டிலை போதுமான அளவு நடந்திட்டுது. வெளிக்கிடுறவன் திரும்பி வருவன். வேலையை முடிச்சிட்டு எழும்பிற ஆளை ஏன் துரத்துறீர்?"

அதற்கு மறுப்பு எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். வரவில்லை. கடைசியில், என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வாதத்தில் தோற்றதை எழுத்தில் ஒப்புக்கொண்டேன். 'நீர் சொன்னதுதான் சரி. குழுவோடு சண்டை பிடித்து உமது சொல்லையே போட்டுவிட்டேன். இதை வைத்து ஊரெல்லாம் பெருமை அடியாதேயும்.' பிளொப்பியில் ஏற்றித் திரேசம்மாக்காவிடம் கொடுத்தேன்.

பின்னேரமே அவ திரும்பி வந்தா. கடகம் இறக்காத கனத்தோடு இருந்தது.

"பாதை பூட்டுத் தம்பி. ஒருத்தரையும் விடுறாங்கள் இல்லை."

"எப்ப திறப்பினமாம்?"

"ஆரைக் கேக்கிறது? இந்தாரும், உம்மட கருவாடு. என்ரயும் சேத்து எடுக்கிறீரோ? இவ்வளவையும் நான் ஆருக்கு விக்கிறது?"

கொஞ்சம் எடுத்தேன். பிளொப்பியை ரின்னுக்குள் போட்டேன். அடுத்த கிழமை திறப்பார்கள் என்று நினைத்தேன். மன்னாரில் இருந்து அடம்பன் ஒரு பஸ் ஓட்டம். அந்தத் தூரத்துக்கு நடுவில் பிறகு நடந்ததை உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீர்தான் அதற்குள் இருந்தீர். நான் மன்னார்த் தீவில் இருந்துகொண்டு ஷெல் சத்தத்தை எண்ணியவன். ஆலையைப் பூட்டிவிட்டு ஊரோடு கிழக்கே போனீர்கள் என்று கேள்விப்பட்டேன். பிறகு இன்னொரு ஊர், பிறகு இன்னொன்று. பிறகு பெயர் தெரிந்த ஊர்கள் முடிந்துபோயின.

உம்மைக் கடைசியாகக் கண்டவர்கள் என்று எனக்குச் சொன்னவர்களில் ஒருவரும் ஒரே இடத்தைச் சொல்லவில்லை. உமது வசந்தியும் மகளும் முகாமுக்கு வந்து, முகாமில் இருந்து அடம்பனுக்குத் திரும்பி வந்தார்கள். தண்ணீர் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று நீர் போனீராம். அவ்வளவுதான் வசந்திக்குத் தெரியும்.

மட்டக்களப்புப் பிள்ளைக்கு உமது கதையை எழுதினேன். உடனே பதில் போட்டாள், பெயரைக் கட்டாயம் சேர்ப்போம் என்று. அதோடு ஒரு கேள்வி: பக்கத்தில் மூன்று பகுதிகள் உண்டு, செயலில் உள்ளோர், முன்னர் பங்களித்தோர், நினைவில் வாழ்வோர். "அவரை எதில் போடட்டும் ஐயா?"

அவளுக்கு அது ஒரு பெட்டியில் குறியிடும் வேலை. எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. என் உடம்புக்கு அது நல்லதுதான் என்று மனைவி சொன்னா. மூன்றாம் நாள் அடம்பன் பஸ் ஏறினேன். இப்போது இடையில் ஒரு சாவடியும் இல்லை. பஸ் நிற்காமல் போவதே எனக்கு ஒருமாதிரி இருந்தது.

ஆலைக்குக் கூரை இல்லை. எஞ்சின் இருந்த இடத்தில் எருக்கலை நிற்கிறது. பின்னால் கொட்டில் போட்டு வசந்தி மாடு வைத்திருக்கிறா, தயிர் விற்கிறா. என்னைக் கண்டதும், "என்ன அண்ணை, வழி தவறி வந்திட்டியளோ?" என்றா. நான் அடிக்கடி போகாததற்கு அது குறைந்த தண்டனை.

விசயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே சட்டிகளுக்கு வாழையிலை கட்டினா.

"அந்தச் சதுரச் சாமான் வேலையோ? அதுக்கெண்டு நெல்லில்லாத நாளிலையும் மில்லை ஓட விட்டு மாமாவிட்டை ஏச்சு வேண்டினவர். டீசல் அடிக்க ஆளில்லாமல் என்னையும் அடிக்க வச்சவர். அதிலை பேர் போடுவினமோ?"

"ஓம். உலகத்திலை ஆரும் பாக்கலாம். உங்களுக்குச் சம்மதமெண்டால்."

கை நின்றது. "அண்ணை, அவற்ற பேரை எத்தினை கந்தோரிலை எழுதிக் குடுத்தனான் எண்டு எனக்கே தெரியாது. எல்லாத்திலையும் பேருக்குப் பக்கத்திலை ஒண்டுதான் எழுதிக் கிடக்கு, காணாமல் போனவர் எண்டு. என்ர கையாலைதான் எழுதினது. ஒரு இடத்திலை எண்டாலும் அவர் என்ன செய்தவர் எண்டு எழுதிக் கிடக்கட்டும்."

அந்த இடத்தோடு எழும்பி வந்திருக்கலாம். ஆனால் கேட்க வந்தது இன்னும் கேட்கவில்லையே. தொண்டையைச் செருமினேன், தண்ணீர் கேட்டேன், மாட்டைப் புகழ்ந்தேன். கடைசியில் மூன்று பகுதிகளையும் சொன்னேன். மூன்றாவதைச் சொல்லும்போது நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அதிலை போடாதேங்கோ," என்றா வசந்தி.

"இல்லை, இல்லை. நான் சும்மா..."

"அந்த நடுவிலை சொன்னியள், அதென்ன?"

"முன்னர் பங்களித்தோர். முந்திச் செய்தவை. இப்ப செய்யாதவை."

அடுத்த சட்டிக்கு இலையை இழுத்துக் கட்டினா. "அது பொய்யில்லைத்தானே. இப்ப செய்யேல்லைத்தானே. அது காணும், போதும்." பிறகு ஒரு சட்டியை என் பக்கம் தள்ளினா. "தயிர் கொண்டு போங்கோ. பஸ்ஸிலை மடியிலை வச்சிருங்கோ, கவிட்டுப் போடாதேங்கோ. உங்கட வேலை எனக்குத் தெரியும்."

வழியெல்லாம் அந்தச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். திரேசம்மாக்கா இப்போது பிரான்சில் மகனோடு இருக்கிறா. கருவாட்டை அங்கே சமைக்க, பக்கத்து வீட்டுக்காரன் பொலிசைக் கூப்பிட்டதாகக் கேள்வி. அவ இருந்திருந்தால் இந்தத் தயிருக்குள் ஒரு பிளொப்பி கட்டாயம் இருந்திருக்கும் என்று ஒரு விசர் எண்ணம். வீட்டுக்கு வந்து சட்டியைத் தூக்கி அடியிலும் பார்த்தேன்.

இந்த மடலை வசந்தி வாசிக்கக்கூடும். அதனால் ஒன்றைக் கவனமாகச் செய்திருக்கிறேன். அந்த மூன்றாவது பகுதிக்குரிய சொல் எதையும் உமக்கு நான் எங்கும் எழுதவில்லை. நான் என்ன நம்புகிறேன் என்று என்னையும் கேளாதேயும். பாதை பூட்டு என்றுதான் எனக்கும் எழுத வருகிறது.

பெயர் ஏறிவிட்டது. பங்களித்தோர் பக்கத்தில், முன்னர் என்ற தலைப்பின் கீழ், உமது முழுப் பெயர். பக்கத்தில் நீர் செய்த கோப்புகள். எது உம்முடையது, எது என்னுடையது என்று பிரிக்கச் சொன்னாள் பிள்ளை. காற்புள்ளிகள் எனக்கு, மற்றதெல்லாம் அவருக்கு என்று எழுதினேன். அகரவரிசை உம்மைக் கொண்டுபோய் அந்தச் சென்னைக்காரருக்குப் பக்கத்தில் இருத்தியிருக்கிறது. இரண்டு பேரும் இனியாவது அடிபடாமல் இருங்கோ.

ஒரு மின்னஞ்சல் முகவரியும் கேட்டார்கள். உமக்கு எங்கே முகவரி? எங்களுடைய பழைய முகவரியையே கொடுத்தேன். திரும்பவும் இரண்டு பேருக்கும் ஒரே பெட்டி.

இன்று காலை அந்தப் பெட்டிக்கு உமது பெயருக்கு முதல் கடிதம் வந்தது. புதிதாகச் சேர்ந்த யாரோ ஒரு பிள்ளை, நல்ல மரியாதையான எழுத்து. மூடும் பொத்தானில் 'வெளிக்கிடு' என்று இருப்பது பலருக்கு விளங்கவில்லையாம். 'வெளியேறு' என்று மாற்றலாமா, முதலில் எழுதியவர் என்ற முறையில் உங்கள் அபிப்பிராயம் என்ன என்று உம்மைக் கேட்டிருக்கிறது.

எனக்குப் பதில் தெரியும். அந்தப் பதில் முழுவதும் எனக்குப் பாடம். ஆனால் அது நீர் சொன்னது. நான் தவிடு ஊதுகிறவன் மட்டும்தான். அந்தப் பிள்ளைக்கு ஒரு வரி மட்டும் எழுதி அனுப்பினேன்:

"அவரிடம் கேட்டுச் சொல்கிறேன். கொஞ்சம் சுணங்கும். அதுவரைக்கும் மாற்ற வேண்டாம்."